செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், டிபன் நேரத்துக்கு வரவிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் சாப்பாட்டு ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. கோரம் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்த மாதங்களும் உண்டு. சீரகச் சம்பா பிரியாணி ருசி பார்க்க ஆம்பூருக்கும், மக்கன் பேடா சுடுவதைப் பார்க்க ஆற்காட்டுக்கும் போய்வந்தோம். கோட்டை மைதானத்தில் காலை நடையும் இட்லியும் சிறப்பாக நடந்தன. நடைக்கு வந்தவர்களை விட இட்லிக்கு வந்தவர்கள் அதிகம். மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் சந்தா கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

இனி புதுச்சேரி விருந்து. இதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். "சங்கத்துக் காசில் வேன் வைத்துக் குடிக்கப் போனார்கள்" என்று வராதவர்களே அதிகம் சொல்வதால், நடந்ததைப் பதிவு செய்வது என் கடமை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பிரான்சில், ஷாம்பெயின் என்ற நுரைக்கும் ஒயினுக்குப் பெயர்போன ஷாம்பெயின் வட்டாரத்தில் வேலை பார்க்கிறார். அங்கே சொந்தமாகச் சிறு திராட்சைத் தோட்டம் வைத்து, சொந்தப் பெயரில் பாட்டில் போடும் ஒரு பெண்மணி, ஜனவரி கடைசியில் புதுச்சேரி உணவகம் ஒன்றில் விருந்து கொடுக்க வருகிறார் என்று தகவல் தந்தவர் அவர்தான். வேலூரிலேயே நடத்தக்கூடாதா என்று கேட்டவர்களுக்குப் பதில்: நடத்த முடியாது. இங்கே பார் உள்ள ஓட்டலிலும் டாஸ்மாக் வழியாக வந்த சரக்கைத்தான் திறக்கலாம். ஒரு சிறு விவசாயியின் பாட்டில் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? புதுச்சேரியில் அந்த உணவகம் இறக்குமதியாளரிடமிருந்து முறைப்படி வாங்கி வைத்திருந்தது. அதனால்தான் ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று சுற்றிப் போனோம்.

சாப்பாடு நம் வடாற்காட்டுச் சாப்பாடாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். உணவகத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்காகச் சத்துவாச்சாரியில் பொருளாளர் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகையே பார்த்தோம். ஒயின் இல்லாத குறைக்கு, சர்க்கரையும் உப்பும் போடாத எலுமிச்சை சோடா. சிரித்தவர்கள் சிரிக்கட்டும். புளிப்பும் நுரைப்பும் எண்ணெய்ப் பலகாரத்தோடு எப்படிப் போகும், மிளகாயோடு எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள அது போதும். எண்ணெயில் பொரித்தது வாயில் ஒட்டாமல் அலம்பிக்கொண்டு போனது. காரமான சுக்கா வறுவலோடு குடித்தபோது நாக்கு இரண்டு மடங்கு எரிந்தது. நுரை காரத்தைத் தணிக்காது, தூண்டிவிடும். சுக்காவை அன்றே பட்டியலிலிருந்து எடுத்தோம்.

போகும்போது இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒரு சாக்குப் பை நிறைய வேனில் வந்தது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த காய் என்று சமையல்காரரிடம் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் பைக்குள் கையை விட்டதும் காம்பு முள் விரலில் ஏறிவிட்டது. "குறியீடு நல்லாவே இருக்கு சார்" என்று விரலைச் சப்பிக்கொண்டே சொன்னார். பிறகு அதை நீளவாக்கில் அரிந்து, அரிசி மாவு தூவி, வறுத்துத் தந்தார். அன்றைய சாப்பாட்டில் முதல் இடம் அதற்குத்தான்.

அந்த அம்மையாரைப் பார்த்ததும் நம்மில் சிலருக்கு ஏமாற்றம். கோட்டு சூட்டு எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. கவாத்து வேலையை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். கை காப்புக் காய்த்துப் போயிருந்தது. ஏழரை ஏக்கர் தோட்டம். அவர் பேசியதை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த உணவகத்துப் பெரியவர் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாட்டிலைத் திறந்தபோது ஒரு சத்தமும் இல்லை. சினிமாவில் வருவது போல "டப்" என்று தெறிக்கும் என்று செல்போனை நீட்டிக்கொண்டு நின்ற துணைத் தலைவர் இன்னும் ஆறவில்லை. தக்கையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தக்கையைத் திருகாமல் பாட்டிலை மெதுவாகத் திருப்புகிறார். ஒரு பெருமூச்சு மாதிரிதான் கேட்கிறது. உள்ளே ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறதாம், கை தளர்ந்தால் தக்கை கண்ணைப் பதம் பார்த்துவிடும்.

ஓய்வு பெற்ற நம் வேதியியல் ஆசிரியர், "சோடா மாதிரி கேஸ் அடைப்பதுதானே?" என்று கேட்டுவிட்டார். அரை மணி நேரம் அதிலேயே போனது. நல்ல அரை மணி நேரம். கேஸ் வெளியிலிருந்து வருவதில்லை. முதலில் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துச் சாதாரண ஒயின் ஆக்குகிறார்கள். பிறகு லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடுகிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிக்கிறது, அதில் வரும் வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. செத்த ஈஸ்ட் வண்டல் அடியில் கிடந்து ருசி ஏற்றுகிறது. ஷாம்பெயின் என்று விற்க வேண்டுமானால் பாட்டிலில் அடைத்த பிறகு குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், ஒரே ஆண்டின் அறுவடை என்று லேபிளில் போட்டால் 3 ஆண்டு. பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், வண்டல் பனிக்கட்டியாகத் தெறித்து வெளியே வந்துவிடுகிறது. குறைந்ததை நிரப்பித் தக்கை போடுகிறார்கள். கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் எப்படி என்ற கேள்விக்கும் பதில் வந்தது: நிறம் தோலில்தான், சாற்றில் இல்லை. அதனால் கையால் பறித்து, குலை நசுங்காமல் கொண்டுவந்து, மெதுவாகப் பிழிகிறார்கள். அங்கே இயந்திர அறுவடைக்கே அனுமதி இல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த வட்டாரத்தில் தோட்டங்களில் பெரும்பகுதி சிறு விவசாயிகள் கையில், விற்பனையில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகள் கையில். நம்மூர் கத்தரிக்காய்க்காரர் நேதாஜி மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டுப் போவது போல, அவர்களும் பழத்தைக் கம்பெனிக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இந்த அம்மையாரின் அப்பா காலம் வரை அப்படித்தான் இருந்திருக்கிறது. சொந்தப் பழத்தில் சொந்தமாகச் செய்பவர்களின் லேபிளில் பொடி எழுத்தில் ஆர்.எம். என்று இருக்கும், பழம் வாங்கிச் செய்யும் கம்பெனி என்றால் என்.எம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், இருந்தது.

பிரியாணி சுமாராகத்தான் ஒத்துப்போனது, அதிலும் காரம்தான் காரணம். மக்கன் பேடா சுத்தமாக ஒத்துப்போகவில்லை. அன்று திறந்தது அம்மையாரின் புரூட் வகை, லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. பேடாவைக் கடித்துவிட்டுக் குடித்தால் வெறும் புளிப்புதான் மிஞ்சுகிறது. இனிப்புக்கு டெமி-செக் என்ற தித்திப்பு வகைதான் சரி என்றார். சொல்லிவிட்டு ஒயினை ஒதுக்கி வைத்து இன்னொரு பேடா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆற்காட்டுக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

குடிக்காத உறுப்பினர்களும் வந்திருந்தார்கள், முகர்ந்து பார்த்துக் கேள்வி கேட்டார்கள். ஓட்டுநர் மோர் குடித்தார். இரவு அங்கேயே தங்கி, காலையில்தான் கிளம்பினோம். பாட்டில் எதுவும் எடுத்து வரக்கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தும், முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் நினைவுக்காகக் காலி பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். எல்லைச் சோதனைச் சாவடியில் காவலர் அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, முகர்ந்து, "இதுக்கா சார் இவ்வளவு பத்திரம்?" என்று திருப்பிக் கொடுத்தார்.

இப்போது வராதவர்கள் விஷயம். பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் இலை சொல்ல முடியும், வேன் பிடிக்க முடியும். அன்று காலை ஆறு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரிசையாகச் செய்தி வந்தது: ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குத் திடீர் விருந்தாளி, ஒருவருக்கு மாமியார் உடம்பு. மாமியார் உடம்பு சரியில்லாதவர் அன்று மாலை காட்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பில் மாமியாரோடு நிற்கும் படம் அதே குழுவில் வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, இப்போதும் பெயர் சொல்லவில்லை. ஆனால் வேனின் பின் இரண்டு வரிசை காலியாகப் போனது, உணவகம் சொன்ன எண்ணிக்கைக்குத்தான் பில் போட்டது. அந்த வித்தியாசத்தை யார் கொடுத்தார்கள் என்று பொருளாளருக்குத் தெரியும், என் வீட்டம்மாவுக்கும் தெரியும்.

சங்கப் பணத்தில் ஒரு பைசாகூட ஒயினுக்குப் போகவில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். போனவர்கள் அவரவர் பங்கைக் கொடுத்தார்கள், அல்லது கொடுப்பதாகச் சொன்னார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் குறைவு, செலவு எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் அதிகம், வங்கியில் இருப்பு இருக்கிறது. சந்தா பாக்கி வசூலானால் நிலைமை திருப்திகரம் என்று எழுதிக்கொள்ளலாம். பாக்கி வைத்திருப்பவர்களில் செயற்குழு உறுப்பினர்களும் உண்டு என்பது வருத்தம்.

இடம் கொடுத்த மண்டபத்தாருக்கும், மாடி கொடுத்த பொருளாளர் குடும்பத்துக்கும், கணக்கைத் தணிக்கை செய்த நண்பருக்கும், வழிகாட்டிய தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை இருக்கிறது. இலவம்பாடியிலிருந்து கத்தரி விவசாயிகள் இருவரை அழைத்து, வேலூரிலேயே ஓர் உணவகத்தில், அவர்கள் காயிலேயே ஐந்தாறு பதார்த்தம் செய்து, பயிர் பற்றி அவர்களே பேச ஒரு மாலை. இதில் சொட்டு ஒயினும் கிடையாது. ஆகவே கொள்கை காரணமாகப் புதுச்சேரிக்கு வராதவர்கள் இதற்குத் தாராளமாக வரலாம். விவசாயிகளுக்கு வண்டிச் செலவும் ஒருநாள் கூலியும் நாம் கொடுத்தாக வேண்டும், ஓசியில் கூப்பிட எனக்கு மனம் இல்லை. இந்த முறை முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே இலை.

செயலாளர் பொறுப்பை இளைஞர் யாராவது ஏற்க முன்வந்தால் சாவியையும் ரசீது புத்தகத்தையும் இன்றே கொடுக்கத் தயார். சென்ற ஆண்டும் இதைச் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். இம்முறை கைதட்டலுக்குப் பதில் ஒரு பெயர் வந்தால் நல்லது.

புதுச்சேரிப் பங்குத்தொகை, சந்தா ஆகியவற்றில் பாக்கி உள்ளவர்கள் பெயர்ப்பட்டியல் பொருளாளர் மேஜையில் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது. டிபன் பரிமாறும் வரை அது கவிழ்ந்தே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்