கறுத்தக்கொழும்பானுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு வளவில் ஒரு மாங்கன்று வைக்க இடமிருந்தால் ரி.ஜே.சி. என்ற மா இனத்தை வையுங்கள் என்று உங்கள் விவசாயப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஏக்கர் கணக்கில் தோட்டம் செய்து கொழும்புக்கு அனுப்புகிறவருக்கு அது நல்ல ஆலோசனை. பழம் பெரிது, சதை கூட, மருந்து கொடுத்துப் பருவம் தவறியும் பூக்க வைக்கலாம். பிள்ளைகள் பறித்துத் தின்ன வீட்டுக்கு ஒரே ஒரு மரம் என்றால் நான் கறுத்தக்கொழும்பான் மாவைத்தான் சொல்வேன்.

யாழ்ப்பாணத்துப் பழம் என்று பேர் இருந்தாலும், மட்டக்களப்பின் பழைய வளவுகளிலும் அது நன்றாகவே காய்க்கிறது. பழுத்த பிறகும் தோலில் பச்சை முழுதாக மாறாது. நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் சந்தையில் அதைத் தாண்டிப் போவதற்கு அதுதான் காரணம். வெட்டினால் உள்ளே செம்மஞ்சள் சதை, அந்த மணம், அந்த இனிப்பு! வேறு எந்த மாம்பழத்தையும் அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வராது.

1978 நவம்பர் சூறாவளியில் தப்பி நின்ற பெரிய மரங்களைக்கூட இப்போது மதில் கட்டவும் வீட்டைப் பெருப்பிக்கவும் தறிக்கிறார்கள். அவரவர் காணி, அவரவர் தேவை, குறை சொல்லவில்லை. தறிக்குமுன் அந்த மரத்தில் ஒட்டுக்கிளை எடுத்து வைக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். முற்றிய நுனிக்கிளையில் ஒரு வாரம், பத்து நாள் முந்தி இலைகளை நறுக்கிவிட்டால் மொட்டு திரளும். அதை வெட்டி, அடியை ஆப்புப் போலச் சீவி, கொட்டையில் முளைத்த நாட்டு மாங்கன்று எதிலும் பிளவில் செருகி ஆப்பொட்டாக ஒட்டலாம். தாய் மரத்தின் குணம் அப்படியே வரும். காய்க்க மூன்று நான்கு வருடம் போதும்.

இங்கு மாரி தை வரை இழுப்பதால் பூக்கும் நேரத்தில் மழை விழுந்தால் அந்திரக்நோஸ் என்ற பூஞ்சண நோய் பூங்கொத்தைக் கருக்கிவிடும். காய் பறித்து முடிந்ததும் உட்கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் புகவிட்டால் அந்தத் தொல்லை குறையும். பழ ஈக்கு, பிஞ்சு திரண்டதும் கடதாசிப் பை கட்டுவதும் விழுந்த பழங்களைப் பொறுக்கி ஆழப் புதைப்பதும் போதுமானவை. ஒரு மரம்தானே, செய்யலாம்.

கன்று விற்கும் இடங்களில் கறுத்தக்கொழும்பான் கேட்டால் ரி.ஜே.சி. மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். விவசாயத் திணைக்களம் எங்கள் மாவட்டத்து மரங்களிலேயே கிளை எடுத்து ஒட்டுக்கன்று உண்டாக்கித் தரவேண்டும். மாங்கன்று பற்றி அடுத்த முறை எழுதும்போது, அதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆரையம்பதி.