ஊசியை மட்டும் வெட்டிய பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைத் தமிழில் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கோனன் டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவல், துப்பறிவாளர் ஹோம்ஸ் கொக்கெய்ன் என்ற போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்வதில் தொடங்கி, மறுபடி அந்தப் புட்டியை நோக்கிக் கையை நீட்டுவதில் முடிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு இடங்களும் உங்களில் ஒருவர் போட்ட தமிழ்ப் புத்தகத்தில் ஏன் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. பெயர் சொல்லிக் குறை கூற விரும்பவில்லை. என் கைக்கு வந்த வேறு சில சுருக்கங்களிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது.

நான் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் வாரம் ஒருமுறை கதை வாசித்துக் காட்டுகிறேன். இந்த நாவலின் தொடக்கத்தை ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அங்கேயே தமிழில் சொன்னேன். கணப்பு மாடத்தின் ஓரத்திலிருந்து ஹோம்ஸ் ஒரு புட்டியை எடுக்கிறார். தோல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து, இடது கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றுகிறார். கை முழுக்க ஊசி குத்திய தழும்புகள். ஏழு சதவீதக் கொக்கெய்ன் கரைசல். ஒரு நாளைக்கு மூன்று தடவை, பல மாதங்களாக. அந்த இடம் வந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் தன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். கதை முடியும்வரை அவர் கையை எடுக்கவே இல்லை.

மையத்தை விட்டுப் போனதும் அவர் செய்த முதல் செலவுகளில் ஒன்று உங்கள் தமிழ்ப் பதிப்பு. அவருக்கு ஆங்கிலம் வராது. சில நாள் கழித்துப் போன் செய்தார். “சார், நீங்க சொன்ன இடம் இதுல இல்லையே?” எனக்குப் புரியவில்லை. முதல் அத்தியாயத்தை மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டாராம், கடைசி அத்தியாயத்தையும் பார்த்துவிட்டாராம். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எங்களுக்காக நீங்களே சேர்த்துச் சொன்னீங்களா சார்?” உலகமே மெச்சும் புத்திசாலி ஒருவனுக்கும் தன்னைப் போலவே கையில் தழும்பு உண்டு என்று நம்பிய மனிதர், அது நான் ஆறுதலுக்குச் சொன்ன பொய் என்று நினைத்துவிட்டார். புத்தகம் அவர் கையில் சாட்சியாக இருக்கிறது. நான் என்ன பதில் சொல்ல?

தயவுசெய்து முழுதாகப் போடுங்கள். முடியாது என்றால் அட்டையிலேயே ‘சுருக்கப் பதிப்பு’ என்று தெளிவாக அச்சிடுங்கள்.

பிள்ளைகள் படிக்கிற புத்தகம், கெட்டுப்போவார்கள் என்பீர்கள். அதே முதல் அத்தியாயத்தில் டாக்டர் வாட்சன் என்ன செய்கிறார்? உடம்பு கெடும், பலவீனம் நிலைத்துவிடும், ஒரு கணச் சுகத்துக்காக இவ்வளவு பெரிய அறிவைப் பணயம் வைக்கலாமா என்று நண்பனைக் கண்டிக்கிறார். இந்த நாவல் வெளிவந்தது 1890இல். அப்போது இங்கிலாந்தில் கொக்கெய்ன் மருந்துக்கடையில் வாங்கக்கூடிய பொருள். அதைக் கட்டுப்படுத்தும் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது 1920இல். அந்தச் சட்டம் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே ஒரு மருத்துவர், அதாவது கோனன் டாயில், இதை எழுதிவிட்டார். எச்சரிக்கையையும் சேர்த்து வெட்டிவிட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினோம் என்றால் எப்படி? சினிமாவில் ஒருவர் சிகரெட் பிடித்தால் ஓரத்தில் எச்சரிக்கை வரி வருகிறது, படம் ஓடத்தான் செய்கிறது. நீங்களும் ஒரு அடிக்குறிப்புப் போடலாமே.

வெட்டாமல் விட்டது எது என்று பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. அந்தமான் தீவுப் பழங்குடிகளைக் கோர முகம் கொண்டவர்கள், மனித மாமிசம் தின்பவர்கள் என்று காட்டும் பகுதி அப்படியே இருக்கிறது, ஒரு குறிப்புக்கூட இல்லாமல். அது அந்த மக்கள்மேல் சுமத்தப்பட்ட பழி. பிள்ளைகள் அதைப் படிக்கலாம், ஊசியைப் படிக்கக் கூடாதா?

வேடிக்கையான இடங்களையும் நீங்கள் தொடவில்லை. பிணத்தின் முகத்தில் உறைந்த இளிப்பு, வந்ததும் வராததுமாக வீட்டில் இருப்பவர்களையெல்லாம் கைது செய்யும் போலீஸ் அதிகாரி ஜோன்ஸ், கிரியோசோட் என்ற தார் எண்ணெயின் வாடையைத் தொடர்ந்து ஓடி மரக்கிடங்கில் கிரியோசோட் பீப்பாய் மேலேயே ஏறி நின்று பாராட்டை எதிர்பார்க்கும் டோபி நாய், எல்லாம் இருக்கின்றன. ஹோம்ஸும் அங்கே வாய்விட்டுச் சிரிக்கிறார். ஆனால் வழக்கு நடக்கும்வரைதான் அவருக்கு அந்தச் சிரிப்பு. வேலை இல்லாத மூளை அவரைத் தின்கிறது. முடிவில் வாட்சனுக்கு மனைவி கிடைக்கிறாள், ஜோன்ஸுக்குப் பெயர் கிடைக்கிறது, ஹோம்ஸ் புட்டியை நோக்கிக் கையை நீட்டுகிறார். அந்தக் கையை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு புதையல் வேட்டைக் கதைதான்.

1904இல் வந்த ஒரு சிறுகதையில், நண்பனை அந்தப் பழக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தேன், ஆனால் பேய் சாகவில்லை, தூங்குகிறது என்று வாட்சன் சொல்வார். மறுவாழ்வு மையத்தில் இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது. அதையாவது அடுத்த தொகுப்பில் வெட்டாமல் விட்டுவையுங்கள்.

டாயில் 1930இல் இறந்தார். அப்போதிருந்த ஐம்பது ஆண்டுக் காப்புரிமை முடிந்து, 1981 முதல் இந்தியாவில் யார் வேண்டுமானாலும் அவரை அச்சிடலாம். ராயல்டி கிடையாது, வாரிசிடம் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. அதனால்தான் வாசகன் கேட்க வேண்டியிருக்கிறது. பக்கம் கூடும், விலை ஏறும் என்பதையும் ஏற்க முடியவில்லை. விட்டுப்போனது தொடக்கத்தில் ஓரிரு பக்கம், முடிவில் சில வரிகள்.

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இந்தக் கதைகள் கிடைப்பதே உங்களால்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. அடுத்த பதிப்பை முழுதாகக் கொண்டு வாருங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் விடுபட்ட பகுதிகளை நானே செய்து தருகிறேன். பணம் வேண்டாம், பெயரும் போட வேண்டாம். புத்தகம் வந்ததும் ஒரு தகவல் மட்டும் சொல்லுங்கள். போன் செய்த அந்த நண்பருக்கு ஒரு பிரதி வாங்கி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்