கேப்ரியல் போனதோடு ஜெனிசிஸ் முடிந்துவிடவில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

பாடகர் பீட்டர் கேப்ரியல் வெளியேறிய 1975-லேயே ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு செத்துப்போய்விட்டது, அப்புறம் வந்ததெல்லாம் டிரம்மர் பில் காலின்ஸ் பாடகராகி நடத்திய பாப் வியாபாரம் என்று போன வாரம் சொன்னாய். நீ மட்டும் இப்படிச் சொல்லவில்லை. இந்தக் குழுவின் ரசிகர்களில் பாதிப் பேர் ஐம்பது வருஷமாக இதைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பேர் எண்பதுகளின் பாப் ஆல்பமான 'இன்விசிபிள் டச்' காலத்தில் உள்ளே வந்தவர்கள், அவர்களுக்குப் பழைய ஆல்பங்கள் பக்கம் போகவே பொறுமையில்லை. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: மைக் முன்னால் யார் நின்றார் என்பதை வைத்துத்தான் குழுவை வெட்டிப் பங்கு போடுகிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை. போனில் ஆரம்பித்தால் பாதியில் வேறு எங்கோ போய்விடுவோம், அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில் ஒன்று. கேப்ரியலைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1972 செப்டம்பரில் டப்ளின் மேடையில், குழுவில் மற்ற யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், மனைவியின் சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு நரித் தலையோடு வந்து நின்றாரே, அந்தத் துணிச்சல் இல்லாமல் இந்தக் குழுவைப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்திருக்காது. மற்றவர்கள் வாசித்த விதத்தை யோசித்துப் பார். ஸ்டீவ் ஹேக்கெட் உட்கார்ந்துகொண்டே கிட்டார் வாசிப்பார், மைக் ரதர்ஃபோர்டும் பல நேரம் உட்கார்ந்தே வாசிப்பார், டோனி பேங்க்ஸ் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். ஒருத்தராவது நிமிர்ந்து நின்று கூட்டத்தின் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. அதைக் கேப்ரியல் செய்தார். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பூ முகமூடி, கிழவன் முகமூடி, வௌவால் இறக்கை எல்லாம் புகைப்படத்துக்கு அழகாக இருந்ததால் பத்திரிகைக்காரர்கள் அதையே அச்சடித்தார்கள், படத்தைப் பார்த்தவர்கள் இசை முழுக்க அந்த ஒருவரின் தலையிலிருந்து வந்தது என்று நம்பிவிட்டார்கள். நீயும் அப்படித்தான் நம்புகிறாய்.

உனக்கு உயிரான 'சப்பர்ஸ் ரெடி'யையே எடுத்துக்கொள்வோம். 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏறக்குறைய முழு இடத்தையும் பிடித்துக்கொண்டு இருபத்து மூன்று நிமிஷம் ஓடும் அந்தப் பாட்டில், நீ அடிக்கடி சிலாகிக்கும் 'அபோகலிப்ஸ்' பகுதி எப்படி உருவானது தெரியுமா? பேங்க்ஸ், ரதர்ஃபோர்ட், காலின்ஸ் மூன்று பேர் மட்டும் ஒத்திகையில் உட்கார்ந்து கட்டியது அது. அடியில் ஒன்பது எண்ணிக்கையில் ஒரே தாளக்கட்டு விடாமல் ஓடுகிறது, அதன்மேல் பேங்க்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போகிறது, இரண்டும் எங்கே சந்திக்கும் என்று காது தவிக்கிறது. வாத்திய இசையாகவே அது இருக்கும் என்றுதான் பேங்க்ஸ் நினைத்திருந்தார். அப்புறம்தான் கேப்ரியல் வந்து, பேங்க்ஸ் ஏற்றி வைத்த உச்சத்தின் மேலேயே, பைபிளில் வரும் 666 என்ற எண் உள்ள வரியைப் பாடினார். தன் இடத்தில் கை வைத்துவிட்டாரே என்று பேங்க்ஸுக்கு முதலில் எரிச்சல், கேட்ட பிறகு அதுதான் சரி என்று புரிந்துபோனது. எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? கேப்ரியலின் குரல் இல்லாமல் அது முழுமை அடையாது, ஆனால் அவர் ஏறி நிற்பதற்கு ஒரு மேடு வேண்டியிருந்தது இல்லையா, அதைப் போட்டவர்கள் அந்த மூன்று பேர்தான். 1978-க்குப் பிறகு ஜெனிசிஸ் என்ற பெயரில் மிஞ்சியதும் அதே மூன்று பேர்தான்.

'தி சினிமா ஷோ'வும் அப்படித்தான். 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' (1973) உனக்கு மனப்பாடம். அதில் பாட்டு முடிந்தபிறகு ஏழு எண்ணிக்கையில், நம் மிஸ்ர சாப்பு கேட்டுப் பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடும் விதத்தில், ஒரு நீண்ட ஓட்டம் வருகிறதே, அதில் கேப்ரியலும் கிடையாது, ஹேக்கெட்டும் கிடையாது. அந்த மூன்று பேர் மட்டும்.

சரி, காலின்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் உனக்கு இருக்கும் கோபத்தில் எண்பதுகளின் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன், அந்தப் பத்து வருஷம் எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் அவர் குரல்தான். ஆனால் 1970-ல் அவர் டிரம்மராக வந்ததை நினைத்துப் பார். கேப்ரியலின் பெற்றோர் வீட்டில் தேர்வு. சீக்கிரமே வந்துவிட்டதால் அவரை நீச்சல் குளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீரில் இருந்தபடியே மற்ற டிரம்மர்கள் வாசிப்பதைக் கேட்டு, தன் முறை வருவதற்குள் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டார். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் ஒன்றாகப் படித்து, கூச்சமும் பிடிவாதமுமாக இருந்த பையன்களின் குழு அது. அவர்களுக்கு நடுவில் உடம்பால் தாளத்தை உணர்ந்தவர் இவர் ஒருவர்தான். 'நர்சரி க்ரைம்' முதல் 'தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' வரை நீ கொண்டாடும் நாலு ஆல்பத்திலும் டிரம்ஸ் அவர்தான், கேப்ரியலுக்குப் பின்குரல் அவர்தான், 'ஃபார் ஆப்சென்ட் ஃப்ரெண்ட்ஸ்', 'மோர் ஃபூல் மீ' இரண்டிலும் முழுக்கப் பாடியதும் அவர்தான். அவரை இடையில் வந்த ஆள் மாதிரி பேசுவது நியாயமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடகர் இடத்துக்கு அவர் ஆசைப்படவில்லை. கேப்ரியல் போனபிறகு நூற்றுக்கணக்கான பேரைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள், ஒருவரும் ஒத்துவரவில்லை, கடைசியில்தான் 'ஸ்க்வாங்க்' பாட்டை இவர் பாடிப் பார்த்தார். 1976 பிப்ரவரியில் 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' வந்தது. பிரிட்டன் பட்டியலில் மூன்றாவது இடம் வரை போனது, 'செல்லிங் இங்கிலாந்து' தொட்ட அதே இடம். நான் விற்பனையைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, அந்த ஆல்பத்தின் பின் அட்டையைக் கூப்பிடுகிறேன். அதுவரை எல்லாப் பாட்டுக்கும் பொதுவாகக் குழுவின் பெயர்தான் இருக்கும், அதில்தான் முதல்முறையாக யார் யார் எழுதினார்கள் என்று தனித்தனியாகப் போட்டார்கள். மொத்தம் எட்டுப் பாட்டு. எட்டிலும் பேங்க்ஸின் பெயர் இருக்கிறது. முகமூடிகளுக்குப் பின்னால் அத்தனை வருஷமும் யார் வேலை செய்துகொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 'மேட் மேன் மூன்' நடுவில் வரும் பியானோவையும் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' தொடக்கத்துப் பியானோவையும் அடுத்தடுத்துக் கேள், ஒரே கை என்பது தெரிந்துவிடும்.

அந்த ஆல்பத்தின் கடைசி இசை 'லாஸ் எண்டோஸ்'. அது மெல்ல மங்கும்போது, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டால், காலின்ஸின் குரல் தூரத்தில் கேட்கும். 'சப்பர்ஸ் ரெடி'யின் முடிவில் வரும், சூரியனில் நிற்கும் தேவதை பற்றிய வரியைப் பாடுகிறார். போன நண்பனுக்கு ஒரு கையசைப்பு. கேப்ரியலின் இடத்தைப் பறித்தவர் என்று நீ சொல்கிற ஆள் செய்த காரியம் இது.

எனக்கு ஜெனிசிஸ் உடைந்த வருஷம் 1977, ஹேக்கெட் வெளியேறிய வருஷம். இதை நான் எங்கே சொன்னாலும் சண்டைக்கு வருகிறார்கள், பரவாயில்லை. 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'தில் அந்தக் கிட்டார் சோலோவின் மெட்டு பேங்க்ஸுடையது, முதலில் அதைக் கேப்ரியலின் புல்லாங்குழல்தான் சொல்லும். ஆனால் ஹேக்கெட் கைக்கு வரும்போது அதே மெட்டு வேறு உயிர் ஆகிவிடுகிறது. ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, அது தானாகவே அழுது முடிக்கும்வரை அடுத்த சுரத்துக்குப் போகமாட்டார், வேகம் காட்டும் ஆசையே கிடையாது. பல பாட்டுகளில் அது கிட்டாரா மெலோட்ரான் என்ற கீபோர்டா என்றுகூடத் தெரியாத அளவுக்குக் கரைந்துபோய் வாசித்தவர் அவர். 'விண்ட் அண்ட் வதரிங்' ஆல்பத்தில் 'பிளட் ஆன் தி ரூஃப்டாப்ஸ்' இருக்கிறதே, ஹேக்கெட்டும் காலின்ஸும் சேர்ந்து எழுதியது, நைலான் தந்தியில் தொடங்கி, தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேய வீடு ஒன்றைக் கண்முன் நிறுத்தும், அதைக் கேட்காமலேயே நீ காலின்ஸ் காலத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறாய் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அப்படிப்பட்ட பாட்டைக் கொடுத்தவருக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. அவர் பெயரும் இருந்த 'இன்சைட் அண்ட் அவுட்' அந்த ஆல்பத்தில் இடம்பெறாமல், பின்னால் வந்த சின்னத் தட்டுக்குப் போனது. இதில் எனக்கு பேங்க்ஸ், ரதர்ஃபோர்ட் மேல் வருத்தம் உண்டு.

ஹேக்கெட் போனபின் நிறம் ஒன்று குறைந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 'டியூக்' (1980) ஒரு பெரிய ஆல்பம்தான், பிரிட்டனில் அவர்கள் முதல்முறை முதலிடம் பிடித்ததும் அதில்தான். 'மாமா' பாட்டின் அந்த மிஷின் தாளத்தை ராத்திரியில் தனியாகக் கேட்டுவிட்டு அப்புறம் சொல், அது பாப் வியாபாரமா என்று. 'ஹோம் பை தி சீ'யின் இரண்டாம் பாதி, 'டாமினோ', 1991-ல் வந்த 'ஃபேடிங் லைட்ஸ்', இவற்றிலெல்லாம் பேங்க்ஸின் பழைய நீளமான மூச்சு அப்படியே இருக்கிறது. 'இல்லீகல் ஏலியன்' பக்கம் நான் நிற்கமாட்டேன். அது மோசமான பாட்டு, அந்த உச்சரிப்பைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மோசமானதை மோசம் என்று சொல்லிவிடலாம், அதற்காகப் பதினைந்து வருஷத்தைக் குப்பையில் போட வேண்டாம்.

ரசிகர்கள் இத்தனை கட்சி கட்டிக்கொண்டிருந்தபோது குழுவினர் எப்படி இருந்தார்கள் என்பதையும் பார். 1980-ல் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தில் 'இன்ட்ரூடர்' பாட்டுக்கு டிரம்ஸ் அடித்தது காலின்ஸ். அதில் சிம்பல் வேண்டவே வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லிவிட்டார். ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்காமோடு சேர்ந்து, அடித்த சத்தம் பெரிதாக விரிந்து சட்டென்று வெட்டுப்படும் அந்த ஒலியை லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பிடித்தார்கள். அடுத்த வருஷம் 'இன் தி ஏர் டுநைட்'டில் உலகமே கேட்டது அதே ஒலியைத்தான். நீ கேப்ரியலுக்கு எதிராக நிறுத்தும் அந்த எண்பதுகளின் டிரம் சத்தம், கேப்ரியலின் பாட்டில்தான் பிறந்தது. 1982-ல் வோமேட் இசை விழா நடத்திக் கேப்ரியல் பெரிய கடனில் மாட்டியபோது, மில்டன் கீன்ஸில் கொட்டும் மழையில் ஒரு ராத்திரி அவருக்காக வாசித்துக் கொடுத்ததும் இந்தப் பழைய குழுதான், ஹேக்கெட் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார். அந்த வோமேடும் அதன்பின் வந்த 'பேஷன்' போன்ற ஆல்பங்களும் கேப்ரியல் வெளியே போனதால் உலகத்துக்குக் கிடைத்தவை. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கரின் வயலினை 'பேஷன்'ல் கேட்கும்போதெல்லாம், கேப்ரியல் போனது நல்லதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். உனக்கு அப்படித் தோன்றவில்லையா?

2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கில் கடைசிக் கச்சேரி. காலின்ஸால் டிரம்ஸ் குச்சியைப் பிடிக்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், பின்னால் டிரம்ஸில் அவர் மகன் நிக். கேப்ரியல் வந்திருந்தார், பார்வையாளராக. அன்றைக்குக் கடைசியாக வாசித்த பாட்டு 'தி கார்பெட் க்ராலர்ஸ்', கேப்ரியலோடு செய்த கடைசி ஆல்பத்தில் உள்ளது. தங்கள் கணக்கை முடிக்க அவர்களே தேர்ந்தெடுத்த பாட்டு அது, காலின்ஸின் குரலில். நாம் இதில் எந்தக் கட்சி என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஹேக்கெட் அந்த மேடையில் இல்லை என்ற ஒரு குறை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் பழைய பாட்டுகளை இன்றைக்கும் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். 'செல்லிங் இங்கிலாந்து' முடிந்ததும் 'தி லேம்ப்' போடாதே, நேராக 'ட்ரிக் ஆஃப் தி டெயில்' போடு, அப்புறம் 'விண்ட் அண்ட் வதரிங்', அதுவும் இரண்டாம் பக்கத்தை ஒரே மூச்சில், 'ஆஃப்டர்க்ளோ' முடியும்வரை. 'செகண்ட்ஸ் அவுட்' நேரடிப் பதிவில் இருக்கும் 'சினிமா ஷோ'வையும் கேள், அதில் காலின்ஸோடு பில் ப்ரூஃபோர்டும் சேர்ந்து அடிக்கிறார், ஏழு எண்ணிக்கை இரண்டு டிரம்ஸில் எப்படிப் பறக்கிறது என்று தெரியும். கேட்டுவிட்டும் கேப்ரியல்தான் ஜெனிசிஸ் என்று உனக்குப் பட்டால் எழுது, நீளமாகவே எழுது. ஹேக்கெட் பற்றி நான் சொன்னதற்கும் பதில் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்