வெள்ளை பூத்த வயல்களும் சுண்ணாம்பு மண் ஆலோசனைகளும்: கிழக்கின் விவசாய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணத்தில் விவசாய ஆலோசனைப் பணியில் ஈடுபட்டிருக்கும் திணைக்கள அதிகாரிகளுக்கும், விவசாயப் போதனாசிரியர்களுக்கும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தினருக்கும்,

வணக்கம்.

சிறுபோக அறுவடை முடிந்து மாரிக்கு முன் நிலம் வெறுமையாகக் கிடக்கும் காலத்தில், மட்டக்களப்புக் களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையின் பள்ளக்காணிகளிலும் களப்பை அண்டிய வயல்களிலும் மேல்மண் வெள்ளை பூத்திருப்பதையும், களிப்பான இடங்கள் விரல் நுழையுமளவுக்கு வெடித்திருப்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்தவுடன் "இது சுண்ணாம்பு கலந்த களிமண்" என்று முடிவுகட்டி, அத்தகைய மண்ணுக்கென வேறு நாடுகளில் எழுதப்பட்ட பரிகாரங்களைக் கைத்தொலைபேசிக் காணொளிகளிலிருந்தும் உர விற்பனையாளர்களிடமிருந்தும் பெற்றுக்கொண்டு பணத்தைச் செலவிடும் வழக்கம் எம்மவரிடையே பரவி வருகிறது. அந்த மண் எது, நமது மண் எது என்பதைப் பிரித்துக்காட்டும் பொறுப்பு உங்களுடையது என்பதனாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

சுண்ணாம்பு செறிந்த களிமண்ணின் சிறந்த எடுத்துக்காட்டுகள் பழைய ஏரிகளின் படிமேடைகளில் உள்ளன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் பொனவில் என்னும் பேரேரி 300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துடன் நிறைந்திருந்தது. அதன் நீர் வடக்கே ஐடஹோவிலுள்ள ஒரு கணவாயை உடைத்துக்கொண்டு வெளியேறியதில் நீர்மட்டம் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. பின்னர் காலநிலை வறண்டு ஏரி சுருங்கச் சுருங்க, அது தங்கிநின்ற ஒவ்வொரு மட்டத்திலும் மலைச்சரிவில் ஒரு படி வெட்டப்பட்டது. எஞ்சியிருப்பதே இன்றைய பெரும் உப்பு ஏரி. அலையடித்த கரையோரங்களில் பரலும் மணலும் தங்கின; அசைவற்ற ஆழத்தில் மிக நுண்ணிய களித்துணிக்கைகள் மெல்லப் படிந்தன. நீரில் கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று, காபனீரொட்சைட்டை இழந்தபோது கல்சியம் காபனேற்றாக மாறி அக்களியோடு சேர்ந்து இறங்கியது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிவதும் இதே மாற்றத்தால்தான். காஷ்மீரின் கரேவா மேடுகளும் பழைய ஏரிப்படிவுகளே. பாம்பூரின் புகழ்பெற்ற குங்குமப்பூ அம்மேடுகளில்தான் விளைகிறது. ஆகவே மண்ணில் சுண்ணாம்பு இருப்பதைக் குறையென்று எவரும் பொதுப்படக் கருதவேண்டியதில்லை.

அந்த மண்ணுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. அதன் அமில காரத் தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானம் (7 நடுநிலை) பெரும்பாலும் 7.5க்கும் 8.4க்கும் இடையில் நிற்கும். சுண்ணாம்பு எஞ்சியிருக்கும்வரை அதை எளிதில் கீழிறக்க முடியாது. ஓர் ஏக்கரில் ஆறு அங்குல ஆழத்துக்குள்ள மண் ஏறத்தாழ 900 தொன் எடையுடையது; அதில் 1 சதவீதம் மாத்திரம் சுண்ணாம்பு என்று கொண்டாலும் அது 9 தொன்னாகும்; அதைக் கரைத்துத் தீர்க்க ஏறத்தாழ 3 தொன் கந்தகம் வேண்டும். ஏரிப்படிவுகளில் சுண்ணாம்பு பத்து, இருபது சதவீதமாகவும் இருக்கக்கூடும் என்பதால், கந்தகமிட்டு மண்ணை மாற்றிவிடலாம் என்ற பேச்சு அங்கே கணக்குக்கு நிற்காது. பொசுபரசு கல்சியத்தோடு பிணைந்து பயிருக்கு எட்டாமற் போகும். இரும்பு மண்ணில் நிறைய இருந்தும் வேருக்குக் கிடைக்காததால், இளம் இலைகளின் நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளாகும். மேற்பரப்பில் தூவி விடப்பட்ட யூரியாவின் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இவற்றுக்கு ஈடாக அந்த மண்ணுக்கு ஒரு பெரும் நன்மையும் உண்டு: களித்துணிக்கைகளை கல்சியம் சிறு கட்டிகளாகச் சேர்த்துப் பிடித்திருப்பதால், நனைந்தால் ஒட்டினாலும் உலர்ந்தால் வெடித்தாலும், அதனுள் நீரும் காற்றும் புகுவதற்கு ஓரளவு வழி இருக்கும்.

இனி நமது நிலத்துக்கு வருவோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடிப்பாறை பெரும்பாலும் விஜயன் தொகுதியைச் சேர்ந்த நைசுப் பாறை. வடக்கிலும் வடமேற்கிலும் உள்ளதுபோன்ற மயோசீன் காலச் சுண்ணக்கற்படை இங்கே இல்லை. இலங்கையில் சுண்ணாம்புக் கணுக்களோடு கூடிய கரிய வெடிப்புக் களியைக் காண விரும்புபவர் மன்னாரின் முருங்கனுக்குத்தான் போகவேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களிமண் போனதும் அங்கிருந்தே. 1961இல் மண்ணியலாளர்களான மூர்மனும் பானபொக்கேயும் இலங்கையின் மண்ணைப் பெருந்தொகுதிகளாக வகுத்தபோது நமது பகுதிக்குப் பெரிதும் உரியதாகக் கொண்டது கல்சியமற்ற கபில மண்ணாகும். அது மணற்பாங்கானது, சற்று அமிலச் சார்பானது, உரத்தைப் பிடித்துவைக்கும் வலுக் குறைந்தது. அதற்கிடையே ஆறுகள் முன்னொரு காலத்தில் விட்டுச்சென்ற பழைய வண்டல் மேடுகளும், தாழ்வான தட்டைகளில் சோடியம் ஏறிய சோலனெற்சு மண்ணும் விரவியுள்ளன. சிப்பி ஓடுகள் புதைந்த களப்போரக் காணிகளிலும், முருகைக்கல் சுட்ட பழைய சூளைகளின் பக்கத்திலும் சுண்ணாம்பு தென்படலாம். அவை சிறு திட்டுகள். அவற்றை வைத்து மாவட்டத்துக்கு ஆலோசனை எழுத முடியாது.

எனவே நமது வயல்களில் பூக்கும் வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்பன்று, உப்பு. களப்பின் முகத்துவாரங்கள் திறந்திருக்கும் காலத்தில் கடல்நீர் உள்ளேறுவதும், வடிச்சல் அடைபட்ட பள்ளங்களில் நிலத்தடி நீர் மேலெழுந்து வெயிலில் வற்றுவதும் அதற்குக் காரணங்கள். உப்பு வெறுமனே இருந்தால் நல்ல நீர் பாய்ச்சிக் கழுவிவிடலாம். ஆனால் அதிலுள்ள சோடியம் களியைப் பற்றிக்கொண்டால் நிலைமை வேறு. கல்சியம் சேர்த்துப் பிடித்த களியை சோடியம் பிரித்துக் குலைத்துவிடும். குலைந்த துணிக்கைகள் மண்ணின் நுண்துளைகளை அடைக்க, மேலே நீர் கலங்கலாகத் தேங்கி நிற்கும், ஒரு சாண் கீழே மண் உலர்ந்திருக்கும். மண் பரிசோதனையில் பீஎச் 8.5க்கு மேல் வந்தால் அது சுண்ணாம்பை மீறிய கணக்கு. சோடியத்தைச் சந்தேகிக்க அந்த ஓர் இலக்கமே போதும்.

இதை வயல் வரம்பிலேயே பிரித்தறியலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீரை எடுத்து, பயறளவு உலர்ந்த மண்கட்டி ஒன்றை அதற்குள் மெல்ல நழுவவிட்டுக் கலக்காமல் வைத்துவிட வேண்டும். கல்சியம் பிடித்த கட்டி நொறுங்கி அடியில் சிறு குவியலாகச் சரியும். அதைச் சுற்றியுள்ள நீர் தெளிந்தே இருக்கும். சோடியம் ஏறிய கட்டியைச் சுற்றிச் சற்று நேரத்தில் பால் கசிந்ததுபோல ஒரு மங்கல் வளையம் பரவத் தொடங்கி, சில மணித்தியாலங்களில் தம்ளர் முழுவதும் கலங்கிவிடும். கிணற்று நீரில் இதைச் செய்யக்கூடாது. அந்நீரிலுள்ள உப்பே களியைத் திரளச்செய்து நம்மை ஏமாற்றும். சுண்ணாம்பு உண்டா என்று பார்க்க நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி போதும்: இருந்தால் மண் நுரைத்துச் சீறும், இல்லாவிட்டால் துளி சத்தமின்றி ஊறிப்போகும். அமிலத்தைப் போதனாசிரியர் கையாள்வதே பாதுகாப்பு. தம்ளர் சோதனையைப் பாடசாலைப் பிள்ளையும் செய்யலாம்.

இவ்வளவு எளிதாகப் பிரிக்கக்கூடியதைப் பிரிக்காமல் விடுவதன் விலையை விவசாயி கொடுக்கிறார். எங்கள் பக்கத்தில் வெள்ளை பூத்து நீர் தேங்கிய காணிக்கு டொலமைட் இடும்படி விற்பனையாளர் ஒருவர் சொல்ல, மூடை மூடையாக இட்டவர்களை அறிவேன். அமில மண்ணுக்கு உரிய அப்பொருள் காரம் ஏறிய மண்ணில் அநேகமாகக் கரையாமலே கிடக்கும். சோடியத்தை வெளியேற்ற வேண்டுமானால் கரையக்கூடிய கல்சியம் தேவை. கல்சியம் சல்பேற்றான ஜிப்சம் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 2.5 கிராம் கரையும், சுண்ணாம்போ தூய நீரில் அதன் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. ஆயினும் ஜிப்சத்தையும் கண்மூடிப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்சியம் இடம்பிடித்துத் தள்ளிய சோடியம் நீரோடு வெளியே போவதற்கு வழி இல்லாவிட்டால் அது அதே வயலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வடிச்சல் வாய்க்காலைத் துப்புரவாக்காத வட்டைக்கு (வயல்வெளிக்கு) ஜிப்சம் கொடுப்பது, என் அபிப்பிராயத்தில், வெறும் செலவு.

நாகக் (துத்தநாகக்) குறைபாட்டிலும் இதே அவதானம் தேவை. நெல்லின் கீழிலைகளில் கபிலப் புள்ளிகள் தோன்றி நாற்று குறுகி நிற்கும் நோய் நாகக் குறைவால் வருவதென்பதை, 1966இல் வட இந்தியாவின் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர் சுண்ணாம்புச் சார்பான மண்ணில் கண்டு சொன்னார். நமது வயல்களில் அக்குறை தோன்றினால் காரணம் சுண்ணாம்பாக இருக்கவேண்டியதில்லை. நீண்டகாலம் நீர் தேங்குவதும் மணற்பாங்கான மண்ணின் வறுமையும் தனித்தனியே அதை உண்டாக்கப் போதுமானவை. இன்னொன்று: நீர் கட்டிய வயலில் அமில மண்ணின் பீஎச் உயர்ந்தும் சுண்ணாம்பு மண்ணின் பீஎச் தாழ்ந்தும் இரண்டும் 7ஐ நோக்கி வருவதை, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய நம் நாட்டவரான பொன்னம்பெரும விரிவாக விளக்கியிருக்கிறார். உலர்ந்த மாதிரியில் அளந்த இலக்கத்தை நீர் நிற்கும் வயலுக்கு அப்படியே பொருத்தி மருந்து எழுதுவது சரியாகாது என்பதை அறிக்கைத் தாளிலேயே குறிப்பிட்டால் நன்று.

நாட்டின் பொதுவான மண் வரைபடம் 1:500,000 அளவுத்திட்டத்திலானது. அதில் ஒரு சதமமீற்றர் நிலத்தில் 5 கிலோமீற்றர். நமது பகுதியில் கல்சியமற்ற கபில மண், பழைய வண்டல் மண், சோலனெற்சு ஆகிய மூன்றும் ஒரே அலகாகச் சேர்த்து ஒரே நிறத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. நாட்டளவில் திட்டமிட அது உதவும். முதலாவதற்கு உரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து இடவேண்டும், மூன்றாவதற்கு முதலில் வடிச்சலைச் சீர்செய்யவேண்டும் என்ற நிலையில், வட்டையில் நிற்கும் விவசாயிக்கு அந்த நிறத்தால் எந்தப் பயனும் இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு அவ்வாண்டு இறுதியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், விலையேறிய ஒவ்வொரு மூடையையும் எண்ணி எண்ணி இடுபவர்களுக்கு இது சிறிய விடயமன்று.

எனவே நான் கேட்பது இதுதான். மண் பரிசோதனை அறிக்கையில் பீஎச், உப்புத்தன்மை ஆகியவற்றோடு சுண்ணாம்பின் அளவையும், சோடியத்தின் பங்கையும், களியின் வீதத்தையும் சேர்த்துத் தமிழில் தாருங்கள். வட்டை விதானைமாரின் துணையோடு ஒவ்வொரு வட்டையிலும் மேடு, சரிவு, பள்ளம் என மூன்று இடங்களிலாவது மூன்றடி ஆழக் குழி வெட்டி மண்ணைப் பார்த்து எழுதுங்கள். மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தால் சோலனெற்சு அகப்படாது. விவசாய பீடத்து மாணவர்களின் களப்பயிற்சியை இதற்குப் பயன்படுத்தினால் செலவும் பெரிதாக இராது. சிறுபோக அறுவடைக்கும் முதல் மழைக்கும் இடைப்பட்ட வாரங்களே குழி வெட்டுவதற்கு ஏற்ற காலம். அவ்வறிக்கை பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் உரப் பங்கீட்டைப் பேசுவதற்கு முன் கமநல சேவை நிலையங்களின் அறிவித்தற் பலகைக்கு வந்துசேர வேண்டும்.

இங்ஙனம்,
படுவான்கரை விவசாயி ஒருவர்