பெரியப்பா பார்த்த போர்ப்படம்

பாளையங்கோட்டை

அன்புள்ள சங்கரனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்பையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பிசான அறுவடை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி.

இரண்டாம் உலகப் போரைப் பற்றி 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ ஆங்கிலப் படத்தில் முதல் அரைமணி நேரம்தான் உண்மை, மீதியெல்லாம் வழக்கமான சினிமா என்று விமர்சகர்கள் பலர் சொன்னதை நீயும் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தாய். முதல் பகுதிக்குக் கிடைத்த புகழ் முற்றிலும் தகும். 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியதை அயர்லாந்துக் கரையொன்றில் எடுத்தார்கள். கை கால் இழந்தவர்களையே நடிக்க வைத்தார்கள். ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி, லென்சின் மேற்பூச்சை நீக்கி, அக்காலச் செய்திப்படத்தின் மங்கிய நிறத்தைக் கொண்டுவந்தார். படம் பார்த்த முன்னாள் வீரர்கள் நிலைகுலைந்ததால், அமெரிக்க அரசு அவர்களுக்கென்று தொலைபேசி உதவியே ஏற்படுத்த வேண்டியிருந்தது.

குறைகளிலும் ஒன்றை நான் மறுக்கவில்லை. போரில் தம்மை மீட்க வந்து உயிர்விட்ட கேப்டனின் கல்லறை முன் நிற்கும் முதியவர் ரயனின் கண்களிலிருந்து காட்சி கடற்கரைக்குப் போகிறது. அவரோ பாராசூட் வீரர், அந்தக் கரையை மிதித்தவரே அல்லர்.

ஆனால், அந்தக் கல்லறைக் காட்சியையே கண்ணீர் பிழியும் வேலை என்று தள்ளியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1971 போரில் மேற்கு எல்லையில் நின்ற எங்கள் பெரியப்பாவோடு போன மாதம் அந்தப் படத்தைப் பார்த்தேன். குண்டு வெடித்துக் கேப்டனின் காது அடைத்துப்போய், ஓசையெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும் இடத்தில், பெரியப்பாவுடைய கை தானாகவே இடது காதைத் தொட்டது. போரிலிருந்து வந்த நாள் முதல் அந்தக் காது அவருக்குக் கேட்காது. மற்றபடி, அவ்வளவு இரத்தத்தையும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த முதியவர், தாம் நல்ல மனிதனாக வாழ்ந்தேனா என்று மனைவியிடம் கேட்கிறாரே, அப்போது பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனை இரத்தம் சிந்தியது என்பதைக்கொண்டு உண்மையை அளந்தவர்கள், உயிரோடு திரும்பியவன் ஆயுள் முழுக்கச் சுமக்கும் அந்தக் கேள்வியை மிகையென்று எப்படிச் சொன்னார்கள்?

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பதுங்குகுழியில் தம் பக்கத்தில் இருந்த தூத்துக்குடிப் பையன் ஒருவனைப் பற்றி, இத்தனை வருடங்களில் முதன்முறையாகச் சொன்னார். “அன்றைக்கு அவன் இடத்தில் நான் இருந்திருக்க வேண்டியது” என்றவர், அதற்குமேல் பேசவில்லை.

கார் நடவு தொடங்குமுன் ஒருநாள் வா. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டுமாவது மூவரும் சேர்ந்து பார்ப்போம். அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்துகொள்.

அன்புடன்,
முத்தையா