'மீட்கப்பட்டனர்' என்ற வரிக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டுப்படகு கவிழ்ந்த செய்திகள் பெரும்பாலும் 'கடலில் தத்தளித்தவர்கள் பத்திரமாக மீட்கப்பட்டனர்' என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படி மீட்கப்பட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர் என்பதால், அந்த வரிக்குப் பிறகு நடந்ததை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

பன்னிரண்டு வயதில் எங்கள் தகப்பனாரோடு வல்லம் என்னும் நாட்டுப்படகில் ஏறியவர் அவர். பாம்பன் கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் தெரிகிறது, குருசடைத் தீவின் மரங்கள் எவ்வளவு உயரத்தில் தெரிகின்றன என்பதை வைத்தே நீருக்கடியில் பார் எனப்படும் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். பாம்பன் தெற்குவாடிக் கரையில் மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரிக்கும்போது அவர் சொன்ன கணக்கை யாரும் மறுபடி கூட்டிப் பார்த்ததில்லை.

ஆடி மாதத்துக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில், நால்வர் சென்ற அவருடைய வல்லம் கவிழ்ந்தது. ஐஸ் பெட்டி மூடியையும் காலி டீசல் கேனையும் பற்றிக்கொண்டு ஓர் இரவும் மறுநாள் நண்பகல் வரையும் மிதந்த அவரையும், மயங்கிக் கிடந்த ஓர் இளைஞரையும் வேறொரு படகினர் தூக்கிக் காப்பாற்றினார்கள். ஒருவருடைய உடல் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. இன்னொருவர் என் அண்ணியின் உடன்பிறந்த தம்பி. விடியும் முன் கை நழுவிப் போன அவருடைய உடல் கிடைக்கவேயில்லை.

உப்பு நீரில் வெந்த தோல் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால், ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்து 108-ஆம் பிரிவு சொன்னதால், அதற்கு முன்பே அந்தக் குடும்பத்துக்குச் சான்றிதழும் உதவித்தொகையும் கிடைக்க வேண்டுமானால் கண்ணால் கண்டவரின் வாக்குமூலம் தேவைப்பட்டது. கண்டவர் அண்ணன் ஒருவர்தான். ஓராண்டுக்கும் மேலாக ஒவ்வோர் அலுவலகத்திலும், அவர் எப்போது கையை விட்டார், எந்தப் பக்கம் போனார், நீங்கள் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்கள் கடமையைத்தான் செய்தார்கள். ஆயினும் அந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்டிருக்கக் கூடாது. அண்ணி அதை ஒரே ஒரு முறைதான் கேட்டார். அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் மறுபடி கடலுக்குப் போகவில்லை. கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துக் கிடைக்கும் கூலியில் வாழ்கிறார். தகரக் கூரையில் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்க இன்றும் தயங்குகிறார். 'உயிர் பிழைத்ததே பெரிய பாக்கியம்' என்று அன்போடுதான் ஊரார் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

எங்கள் பாம்பன் தீவுக்கு இது புதிதன்று. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது தப்பி வந்தவர்களில் சிலர், காற்று பலக்கும் இரவுகளில் விளக்கை அணைக்காமல் விழித்திருந்ததை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அன்று அதற்கு மருத்துவம் உண்டென்று யாருக்கும் தெரியாது. இன்று மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற தொலைபேசி ஆலோசனையும் இருக்கிறது. ஆனால் என் அண்ணனைப் போன்றவர் தாமாக எண்ணைச் சுழற்றிப் பேசமாட்டார்.

ஆகவே, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருவதுபோல, படகு விபத்தில் தப்பியவரின் வீட்டுக்கும் முதல் மாதத்திலும், ஆறு மாதம் கழித்தும், அதே ஆடி திரும்பும்போதும் மனநலப் பணியாளர் ஒருவர் வர வேண்டும். அவருடைய வாக்குமூலத்தை ஒரே முறை பதிவுசெய்து எல்லாத் துறைகளும் அதையே பயன்படுத்த வேண்டும். தங்கள் நாளிதழும், மீட்கப்பட்டவர்களைப் பற்றி ஓராண்டு கழித்து ஒரு முறையாவது எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.