சிப்பாயும் அதிகாரி ஆகலாம்

ஆசிரியருக்கு,

நம் குமரி மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்ததும் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்த பையன்கள் நிறையப் பேர். பணியில் இருந்தபடியே அதிகாரி ஆக வழி உண்டு என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் இதற்கென்றே ராணுவ கேடட் கல்லூரி என்ற பிரிவு இருக்கிறது. பிளஸ் டூ தேறி, குறைந்தது 2 ஆண்டு பணி முடித்தவர்கள் 27 வயதுக்குள் எழுத்துத் தேர்வு எழுதலாம். அப்புறம் எஸ்.எஸ்.பி. எனப்படும் அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. தேர்வானால் 3 ஆண்டு பட்டப்படிப்பு, 1 ஆண்டு அகாடமிப் பயிற்சி, முடித்ததும் லெப்டினன்ட், அதாவது அதிகாரிகளில் முதல் படி. வயது தாண்டியவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு.

சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த சுபேதார்களுக்கு ஓய்வுபெறும் நேரத்தில் கிடைக்கும் கௌரவ கேப்டன் பதவியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நீண்ட சேவைக்குத் தரும் மரியாதை. இது இளம் வயதிலேயே படையை வழிநடத்தும் பொறுப்பு.

நம் பிள்ளைகளுக்கு ஓட்டமோ உடற்தகுதியோ தடையில்லை, ஆங்கிலம்தான் தயக்கம். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம், விடுமுறையில் ஊருக்கு வரும் இளம் வீரர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் நேர்காணல் வழிகாட்டலும் நடத்த வேண்டும். கற்றுக்கொடுக்க என்னைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

- முன்னாள் ராணுவ வீரர், தக்கலை